அலுமாரிக்குள் பூத்த வெள்ளை: ஒரு பாடசாலைச் சிப்பிச் சேகரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை. பெயர் வேண்டாம். அதன் உயிரியல் ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ 400 உருப்படிகள் கொண்ட சங்கு, சிப்பிச் சேகரிப்பு ஒன்று இருக்கிறது. இப்போது உயிரோடு இல்லாத ஒரு விலங்கியல் ஆசிரியர் 1950களின் கடைசியில் தொடங்கி, 1970கள் வரை விடுமுறைதோறும் அலைந்து சேர்த்தவை. பல்லாண்டு காலம் திறந்த தட்டுகளில் தூசி படிந்து கிடந்தும் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பழைய மாணவர்கள் பணம் சேர்த்து, கண்ணாடிக் கதவும் இறுக்கமான லாச்சிகளும் வைத்து அழகான ஓர் அலுமாரி செய்து கொடுத்த பிறகுதான் வினை பிடித்தது. மூன்றாம் ஆண்டில் சோழிகளின் முதுகில் வெள்ளை பூத்தது. பிறகு கூம்புச் சங்குகளில். பிறகு லாச்சி லாச்சியாக.

நூதனசாலைப் பொருட்களைப் பேணும் வேலை பார்ப்பவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஆய்வுகூட உதவியாளர் அண்ணன் லாச்சியை இழுத்துக் காட்டும்போதே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "பூஞ்சணம்தான் மிஸ். மழை நாளில சப்பாத்திலயே பிடிக்குது, இதில பிடிக்காதா? வினாகிரி போட்டுத் துடைச்சனான், கொஞ்ச நாளைக்குப் போகும், திரும்பி வரும்."

அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் எதன்மேல் வெள்ளை பிடித்தாலும் பூஞ்சணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த லாச்சியிலிருந்து வந்தது ஈர நாற்றமல்ல. மூக்கைக் குத்தும் புளித்த நெடி. துடைத்து மாதங்கள் ஆகிவிட்டன என்று அவர் சொன்னதால், அது அவருடைய வினாகிரியாக இருக்க முடியாது.

எதைக் காப்பாற்றப் போகிறோம்

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி வந்தது. அதை அதிபரே கேட்டார், நேர்மையாகவே கேட்டார்: "கடற்கரையில் கிடக்கிற சிப்பிதானே, திரும்பப் பொறுக்கினால் என்ன?"

புறக்கோட்டையிலும் காலிமுகத்திடலிலும் சிப்பி வாங்கலாம். அதைவிடப் பளபளப்பாகவே வாங்கலாம். அந்தச் சிப்பிகளுக்கு இல்லாதது ஒரு துண்டுச் சீட்டு. இந்தச் சேகரிப்பில் ஒவ்வொரு லாச்சிக் கட்டத்திலும் நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், ஊர், இடம், காலம் எழுதிய சீட்டு உண்டு. ஒன்றில் இப்படி இருந்தது: "தலைமன்னார், இறங்குதுறைக்கு மேற்கே, வற்று நேரம், மணலும் கடற்புல்லும், ஆகஸ்ட் 1964." அதே ஆண்டு டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டுபோன புயலுக்கு நான்கு மாதம் முந்திய கரை அது. சிலாவத்துறை, அரிப்பு, காரைநகர், திருகோணமலைக்கு வடக்கே புறாத்தீவு என்று மற்றச் சீட்டுகள். பிற்பாடு போர் வந்து, வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைக் காலம் யாரும் நிம்மதியாகக் கரையில் குனிந்து சிப்பி பொறுக்கவில்லை. அந்த இடைவெளிக்கு முன் அந்தக் கரைகளில் என்ன உயிர்கள் இருந்தன என்பதற்கு இந்தச் சீட்டுகள் சாட்சி. சீட்டு இல்லாத சங்கு மேசை அலங்காரம். சங்கு இல்லாத சீட்டை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. இரண்டும் பிரியாமல் இருக்க வேண்டும். இந்த வழக்கில் நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

கொழும்புக்கு இந்தத் துறையில் பழைய உறவும் உண்டு. 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக்கு 1902 முதல் பணிப்பாளராக இருந்த ஆர்தர் வில்லி, அதற்கு முன் நோட்டிலஸ் என்ற அறைச் சிப்பி உயிரின் முட்டையைத் தேடிப் பசிபிக் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். அதே 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களை, அதாவது சிப்பிகள் மண்டி வாழும் கடலடித் திட்டுகளை, ஆராயக் கடல் விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன் வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணை. 1903 முதல் 1906 வரை அவர்களின் அறிக்கை ஐந்து தொகுதிகளாக வந்தது. 1905 முத்துக்குளிப்பில் மட்டும் எட்டுக் கோடி அளவில் சிப்பி அள்ளினார்கள். ஓரிரண்டு ஆண்டில் பார்கள் வெறிச்சோடின. அரிப்பு என்னும் ஊரின் கரையில் இன்று கால் வைத்தால் நொறுங்கும் பழஞ்சிப்பி அந்தக் காலங்களின் எச்சம். எங்கள் ஆசிரியரும் அங்கிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வந்து, "பழைய குவியல், உயிரோடு எடுத்ததல்ல" என்று எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு வரிக்காகவே அவரைப் பிடித்துப்போனது. பலர் எழுதாமல் விடுவது இதைத்தான்.

பூஞ்சணமா, உப்பா

சோதனை எளியது. கைவில்லையால் பார்த்தபோது வெள்ளையில் நூல் நூலான இழை எதுவும் இல்லை. நுண்ணிய ஊசிகளும் மணிகளும்தான். ஒரு சோழியின் ஓரத்தில் ஒரு சொட்டு வடித்த நீர் வைத்தோம். வெள்ளை கரைந்து மறைந்தது. பூஞ்சணம் தண்ணீரில் கரையாது. இன்னொரு தடயத்தையும் கவனித்தோம். பூஞ்சணத்துக்குப் பிடித்த தீனி காகிதமும் பசையும். ஆனால் சீட்டுகள் சுத்தமாக இருந்தன. பக்கத்தில் இருந்த சிப்பிதான் மாவாகிக்கொண்டிருந்தது.

இதைச் சிப்பிக்காரர்கள் பைன் நோய் என்பார்கள். லோஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் 1899இல் இதைப் பற்றிப் பேசினார். பற்றீரியா காரணம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் என்று அவர் நம்பினார். நோய் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1934இல் நிக்கல்ஸ் என்பவர் ஓக் மர அலுமாரியிலிருந்து வரும் அமில ஆவியைக் குற்றவாளியாக நிறுத்தினார். 1985இல் டென்னென்ட், பேர்ட் இருவரும் அந்த வெள்ளையைப் பகுத்து, கல்சியத்தின் அசெற்றேற்று, போமேற்று உப்புகள் என்று காட்டினார்கள். கிருமி இல்லை, தொற்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் சிப்பிகள் ஒன்றாகப் பாதிக்கப்படுவது, எல்லாம் ஒரே லாச்சிக் காற்றைக் குடிப்பதால்.

சாதாரண தர விஞ்ஞானம் போதும் இதைப் புரிந்துகொள்ள. சிப்பி கல்சியம் காபனேற்று. மரம் அசெற்றிக் அமில ஆவியை மெல்ல மெல்ல விடும். அநேகமாக எல்லா மரமும் விடும், கூடுதலும் குறைவும்தான் வித்தியாசம். பிளைவூட், சிப்போட் போன்றவற்றின் பசையிலிருந்து போமல்டிகைட்டு வரும், அது காற்றில் போமிக் அமிலமாகும். அமிலம் காபனேற்றைத் தின்று உப்பைத் தரும், காபனீரொட்சைட்டு பறந்துவிடும். இதற்கு ஈரம் வேண்டும். கொழும்பின் சாரீரப்பதன் நூற்றுக்கு எண்பதைத் தொட்டுக்கொண்டே இருப்பது. உண்டான உப்பும் ஈரத்தை இழுக்கும். கடலிலிருந்து எடுத்துச் சரியாக அலசாத சிப்பியில் கடலுப்பு மிச்சம் இருந்தால் அதுவும் இழுக்கும். அதற்கு மேல் 28, 30 பாகைச் சூடு. அண்ணன் துடைத்த வினாகிரியோ நேரடியாக அசெற்றிக் அமிலம். பழியை அதன்மேல் போட்டுவிடலாம்போல் இருந்தது. ஆனால் அவர் கை வைக்காத லாச்சிகளிலும் வெள்ளை இருந்தது.

ஆக, மிஞ்சியது அந்த அலுமாரி. வெளிப்பக்கம் வார்னிஷ் மினுங்கும் நல்ல வேலை. உள்ளே லாச்சிகளின் அடித்தட்டு பிளைவூட், வார்னிஷ் இல்லாத பச்சை முகம், பசை தாராளம். தூசி போகாமலிருக்கக் கதவு விளிம்பில் ரப்பர் பட்டி. தச்சர் கெட்டிக்காரர், கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறார். அந்தக் கெட்டித்தனம்தான் ஆவியை உள்ளேயே அடைத்து வைத்தது. பழைய திறந்த தட்டுகளும் மரம்தான். ஆனால் காற்று வந்துபோனது.

ஈயக் குண்டுச் சோதனை

சந்தேகம் போதாது, நிரூபணம் வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் இரசாயனம் அல்ல. அலுமாரியின் நெற்றியில் நன்கொடையாளர் பெயர்கள் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. திறப்பு விழா, றிபன் வெட்டு, படம் எல்லாம் நடந்திருக்கிறது. "உங்கள் அலுமாரி சிப்பிகளைத் தின்கிறது" என்று ஒரு சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொல்ல, கையில் ஏதாவது காட்டக்கூடிய பொருள் வேண்டும்.

பெரிய நூதனசாலைகள் இதற்கு ஒடி சோதனை என்று ஒன்று செய்வார்கள். 1973இல் பிரித்தானிய நூதனசாலையில் அன்ட்ரூ ஒடி உருவாக்கியது. சந்தேகப்படும் பொருளின் துண்டையும், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும், கொஞ்சம் நீரையும் ஒரே மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்து, 60 பாகை செல்சியசில் 28 நாள் சூடாக்குவது. எந்த உலோகம் கெடுகிறதோ அதைப் பார்த்து எந்த ஆவி வருகிறது என்று ஊகிப்பார்கள். அசெற்றிக், போமிக் அமிலங்களைக் காட்டிக்கொடுப்பது ஈயம்.

எங்களுக்குத் தகடு எங்கே கிடைக்கும்? தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக் குண்டு கிடைக்கும். கையுறை போட்டு, கத்தியால் ஒரு பக்கத்தைச் சீவி, வெள்ளிபோல் பளிச்சென்று வரும் முகத்தை மேலே வைத்தோம். ஒரு ஜாம் போத்தலில் ஈயக் குண்டு, லாச்சி அடித்தட்டிலிருந்து அறுத்த பிளைவூட் துண்டு, சிறு குப்பியில் கொஞ்சம் நீர். இன்னொரு போத்தலில் மரமில்லாமல் மற்றதெல்லாம். ஆய்வுகூட உலர்த்தி அடுப்பில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். க.பொ.த. உயர்தர மாணவிகள் இருவர் நாள்தோறும் பார்த்துக் குறித்தார்கள். 28 நாள் தேவைப்படவில்லை. முதல் வாரம் முடியுமுன்னே மரத்தோடிருந்த ஈயத்தில் வெள்ளைத் தூள் கட்டியிருந்தது. தனியே இருந்தது சற்று மங்கியதோடு சரி.

இது முறையான ஒடி சோதனை ஆகாது. குண்டு தூய ஈயம்தானா என்று தெரியாது, அளவுகளும் நியமப்படி இல்லை. ஆனால் இரண்டு போத்தலையும் கூட்டத்தில் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் விவாதிக்கவில்லை. அலுமாரி நூலகத்துக்குப் போனது. பித்தளைத் தகடோடு, வெற்றிக் கிண்ணங்களைச் சுமந்துகொண்டு, இப்போது எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்கிறது. நன்கொடையாளர்களுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

கழுவுவதா, விடுவதா

அமில ஆவி இல்லாத இடத்துக்கு மாற்றினால் அரிப்பு நிற்கும். ஆனால் சிப்பிமேல் ஏற்கெனவே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். கழுவி எடுப்பதே நல்லது. எல்லாவற்றையும் அல்ல.

முதலில் எதையும் தொடாமல் லாச்சி லாச்சியாகப் படம் எடுத்தோம். பிறகு ஒவ்வொரு சிப்பிக்கும் சீட்டுக்கும் ஒரே எண். அந்த எண்ணைப் பென்சிலில் எழுதிய தாள் துண்டு சிப்பியோடு குளியல் வரைக்கும் கூடவே போகும். பென்சில் எழுத்து தண்ணீரில் அழியாது, பேனா எழுத்து அழியும். சில சங்குகளில் ஆசிரியரே சிறு எழுத்தில் எண் எழுதி, மேலே நகப்பூச்சு தடவியிருந்தார். அந்தக் காலத்தில் பலரும் செய்தது. பூச்சு மஞ்சளித்து உரியத் தொடங்கியிருந்ததால், அவற்றை நனைக்குமுன் எண்ணைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றினோம்.

உலர்ந்த மென்தூரிகையால் தூளைத் தட்டி, வடித்த நீரில் ஊற வைத்தோம். எப்போது போதும் என்று எப்படித் தெரியும்? மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் மலிவான டிடிஎஸ் மீற்றரை நீரில் தோய்த்தால் கரைந்த உப்பின் அளவைக் காட்டும். முதல் குளியலில் எண் ஏறிக்கொண்டே போகும். நீரை மாற்றி மாற்றி வைக்க, ஒரு கட்டத்தில் எண் அசையாது. அப்போது வெளியே எடுக்கலாம். வெயிலில் காய வைக்கவில்லை, நிறம் போகும். மின்விசிறிக் காற்றில், வாய் கீழே பார்க்க வைத்தோம். சோழியின் சுருளுக்குள் தண்ணீர் நாள்கணக்கில் ஒளிந்திருக்கும். அதன் பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் சில நாள்.

நனைக்காமல் விட்டவை: மேல்தோல் இன்னும் ஒட்டியிருந்த சங்குகள், தென்மேற்கு மழைக்காட்டு அகாவஸ் நத்தைகள். அந்த மேல்தோல் புரதம். நனைந்து உலரும்போது சுருங்கி வெடிக்கும். அகாவஸ் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பேரினம் என்பதால் இன்னும் கூடுதல் பயம். அவற்றைத் தூரிகையோடு விட்டோம். இதில் மற்றவர்கள் வேறு முடிவு எடுக்கலாம். சிலர் எண்ணெய் பூசச் சொன்னார்கள், பளபளப்பு திரும்பும் என்று. மறுத்துவிட்டேன். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், அரித்த மேற்பரப்பை மறைக்கும், பின்னால் ஆராய்பவருக்கு உபத்திரவம்.

அரித்தது திரும்பாது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உப்பாகப் போன கல்சியம் சிப்பியின் உடம்பிலிருந்து போனது. புலிச்சோழி ஒன்றின் முதுகில் கண்ணாடிப் பளபளப்பு இருந்த இடம் இப்போது சுண்ணக்கட்டிபோல் சொரசொரப்பாக இருக்கிறது. முத்துச்சிப்பிகளின் உட்பக்க முத்துப்படலம் மங்கிவிட்டது. மோசமாகப் போனவை, கடுகளவு சிறு நத்தைகளைத் தக்கை மூடிக் குப்பிகளில் வைத்திருந்தவை. தக்கையும் அமிலம் விடும். மூன்று குப்பிகளில் சீட்டும் கொஞ்சம் மாவும்தான் மிச்சம். மாவையும் சீட்டோடு வைத்திருக்கிறோம்.

வலம்புரி விவகாரம்

லாச்சிகளில் ஒன்றில் பஞ்சு மெத்தையில் தனியே ஒரு சங்கு. சீட்டில் "வலம்புரி, மன்னார்". பாடசாலை முழுக்க அதைப் பற்றித்தான் கதை. அண்ணன் கை கழுவாமல் அதைத் தொடமாட்டார். உச்சியை மேலே பிடித்தால் வலம்புரியின் வாய் இடப்பக்கம் திறக்க வேண்டும். இதிலும் அப்படித்தான் திறந்தது, உண்மைதான். ஆனால் பூசைச் சங்காகிய டர்பினெல்லா பைரம் என்றால், வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் குறுக்கே தடித்து ஓட வேண்டும். விரலை விட்டால் தட்டுப்படும். இதில் வழுவழு. எடையும் குறைவு. இது அமெரிக்கக் கரையோரம், மெக்சிக்கோ வளைகுடாப் பக்கம் வாழும் வேறொரு சங்கு. அங்கே இப்படி இடப்பக்கம் சுருள்வதுதான் வழக்கம், அபூர்வமே இல்லை. வலம்புரி என்று சொல்லி அதை விற்பது இந்தியாவிலும் இங்கும் பழைய வியாபாரம்.

ஆசிரியர் ஏமாந்தாரா, யாராவது அன்பளிப்பாகக் கொடுத்ததா, தெரிய வழியில்லை. சீட்டைக் கிழித்து எறிந்துவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. கூடாது. பழைய சீட்டு அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிய சீட்டு, திகதியும் யார் அடையாளம் கண்டார் என்பதும் எழுதி. நாளைக்கு என் தீர்ப்பையும் ஒருவர் திருத்தலாம் அல்லவா. அதிபர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: அண்ணனுக்கு அவரே சொல்வார், நான் சொல்லக் கூடாது. சொன்னாரோ என்னவோ, அண்ணன் இன்னமும் கை கழுவிவிட்டுத்தான் எடுக்கிறார்.

அதே லாச்சியில் ஒரு நோட்டிலஸ் ஓடும் இருந்தது. நோட்டிலஸ் குடும்பம் 2017 முதல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், பழைய சேகரிப்பு என்பதைக் காட்டும் சீட்டு அதற்கு முக்கியம். நல்லகாலம், இருந்தது.

புது இருப்பிடமும் ஒரு பிடிவாத லாச்சியும்

மரம் வேண்டாம் என்றால் இரும்பு. அலுவலகக் கோப்புகளுக்கான, பவுடர் பூச்சுச் சுட்ட பழைய இரும்பு அலுமாரி ஒன்று மலிவாகக் கிடைத்தது. புதிதாக எண்ணெய்ப் பெயின்ற் அடித்ததை வாங்கவில்லை, அந்தப் பெயின்றும் உலரும் காலத்தில் அமில ஆவி விடும். சிப்பிகள் பொலித்தீன் பைகளிலும் பொலிபுரோப்பிலீன் பெட்டிகளிலும். பஞ்சுக்குப் பதில் பொலியெஸ்டர் பஞ்சு. மிகவும் நொந்தவை மட்டும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பையில். நாள் முழுக்க ஏ.சி. போட்டு ஈரப்பதனைக் குறைக்கப் பாடசாலையால் முடியாது. பகலில் போட்டு இரவில் நிறுத்தினால் ஈரம் ஏறி இறங்கி இன்னும் கெடுக்கும். ஆகவே அதை யோசிக்கவே இல்லை. அமிலத்தின் மூலத்தை அகற்றியதே பெரிய வேலை.

ஒவ்வொரு லாச்சியிலும் சீவிய ஈயக் குண்டு ஒன்று, சிறு குப்பியில், வாய் திறந்து. தவணைக்கு ஒரு தடவை பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் தவணை முடிவில் எல்லாம் வெறும் சாம்பல் நிறம், ஒன்றைத் தவிர. ஆறாவது லாச்சியில் ஈயம் வெள்ளை கட்டியிருந்தது. இரும்பு லாச்சி, பொலித்தீன் பை, பிறகு எங்கிருந்து? கிளறிப் பார்த்தபோது புரிந்தது. ஆசிரியர் சின்னச் சிப்பிகளைத் தீப்பெட்டிகளிலும் சுருட்டுப் பெட்டிகளிலும் வைத்து, பெட்டி மூடியிலேயே ஊர் எழுதியிருந்தார். எழுத்து இருக்கிறதே என்று பெட்டியோடு வைத்துவிட்டார்கள். அவையும் மரம்தான். இப்போது சிப்பிகள் பிளாஸ்ரிக் பெட்டிகளுக்குப் போய்விட்டன. எழுத்துள்ள பழைய பெட்டிகள் அதே எண்களோடு வேறோர் அறையில், காகிதக் கோப்புகளுடன். அந்த லாச்சிக்குப் புதிதாகச் சீவிய ஈயம் வைத்தாகிவிட்டது. அடுத்த தவணை முடிவில் அதை முதலில் பார்ப்போம். அதுவரை பதிவேட்டைத் தட்டச்சு செய்யும் வேலை அந்த இரண்டு மாணவிகளிடம். வடக்கு, கிழக்குச் சீட்டுகளை முதலில் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.